பிட் பார்க்கும்போது எல்லா எல்ஈடியும் ஒன்றாக எரிகிறது, அவசரம்

பீலிக்கரை:
வணக்கம். தோட்டத் தொழிலாளர் லயத்துக்கு மேலே இருக்கிற தண்ணீர்த் தொட்டிகளில் மிதவை ஸ்விட்ச் போட்டு, எந்தத் தொட்டி நிறைந்தது என்று கீழே எல்ஈடியில் காட்டப் பார்க்கிறேன். ஒரு பைட்டின் எட்டு பிட்டையும், தொட்டிக்கு ஒன்றாக, ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். ஆனால் எல்லா எல்ஈடியும் ஒன்றாக எரிகின்றன, ஒன்றாக அணைகின்றன. வியாழன் வகுப்பில் காட்ட வேண்டும். என்ன பிழை?

பண்டாரவளை_ரேடியோ:
என்ன போர்டு, என்ன சிப், கோட் எங்கே? ஒன்றும் இல்லாமல் எப்படிச் சொல்வது தம்பி?

மூடுபனி:
கோட் தேவையில்லை. நுவரெலியாப் பக்கமா? பனி இறங்கினால் வயர் செருகும் பிரெட்போர்டில் ஈரம் பிடித்து, பக்கத்து வரிசைகள் ஒட்டிக்கொள்ளும். எனக்கு இரண்டு தரம் நடந்தது. அடுப்பங்கரையில் வைத்துக் காய விடுங்கள்.

பழைய_கை:
பிட் ஆபரேட்டர் முதல் பாடத்திலேயே வருவது. அதைப் படித்துவிட்டு போர்டு வாங்கியிருக்கலாம்.

பீலிக்கரை:
மன்னிக்கவும் அண்ணா, நான் தங்கச்சி. ஆர்டுயினோ யூனோ போர்டு, எட்டு ஸ்விட்ச், அவற்றை ஒரே பைட்டாக வாசிக்கும் பிசிஎஃப்8574 சிப். தொட்டி நிறைந்தால் ஸ்விட்ச் கிரவுண்டோடு சேரும். போனில் அடிப்பதால் தமிழில் எழுதுகிறேன், மூன்றாவது தொட்டிக்கு:

இஃப் (அளவு & 4 == 4)

மற்றதெல்லாம் 1, 2, 8 என்று 128 வரை போகிறது. அளவு என்பது சிப் தரும் பைட், சீரியல் மானிட்டர் திரையில் அது 251 என்று வருகிறது.

பண்டாரவளை_ரேடியோ:
அந்த 251 போதும் தங்கச்சி. எட்டு பிட்டும் 1 என்றால் 255. அதில் 4 குறைகிறது, அதாவது 11111011, மூன்றாவது பிட் மட்டும் 0. மூன்றாவது தொட்டி மட்டும் நிறைந்திருக்கிறது, சிப் அதைச் சரியாகவே வாசித்திருக்கிறது. வயரில் ஈரம் இல்லை.

பிழை அந்த வரியில். சி மொழியில், பிட் பார்க்கும் & ஐ முந்திக்கொண்டு, சமமா என்று கேட்கும் == கணக்காகும். 4 == 4 என்பது 1 ஆகிவிட, மிச்சம் அளவு & 1. எட்டு வரியும் முதல் ஸ்விட்சைத்தான் பார்க்கின்றன. முதல் மிதவையைக் கையால் தூக்கிப் பாருங்கள், எல்லா எல்ஈடியும் சேர்ந்து மாறும். இப்படி எழுதுங்கள்:

இஃப் ((அளவு & 4) == 0)

நிறைந்தால் கிரவுண்ட், அதனால்தான் 0.

மூடுபனி:
அடைப்புக்குறி எதற்கு? நான் எப்போதும் பிட்டை ஓரத்துக்குத் தள்ளி, அளவு >> 2 & 1 == 1 என்றுதான் எழுதுகிறேன். ஒரு நாளும் பிழைத்ததில்லை.

பண்டாரவளை_ரேடியோ:
அது தற்செயலாகச் சரிவருகிறது. 1 == 1 முதலில் கணக்காகி 1 ஆகிறது, நீங்கள் & போட நினைத்ததும் அதே 1. கடைசியில் == 0 என்று மாற்றினால் தெரியும். 1 == 0 என்பது 0, அதோடு எதை & போட்டாலும் 0தான்.

பழைய_கை:
எந்தக் குறி முதலில் கணக்காகும் என்ற முன்னுரிமை அட்டவணையை மனப்பாடம் செய்யாதவர்கள் சி எழுதக்கூடாது.

பதுளை_பைத்தான்:
அட்டவணையே கோணல், அண்ணே. சியை உருவாக்கிய டெனிஸ் ரிச்சியே அதை விளக்கியிருக்கிறார். தொடக்கத்தில் சியில் நிபந்தனைகளைச் சேர்க்கும் && கிடையாது, பிட் பார்க்கும் & தான் அந்த இரண்டு வேலையும் பார்த்தது. && வந்தபோது, ஏற்கெனவே எழுதிய கோட் உடையக்கூடாது என்று & ஐப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டார்கள். பைத்தானில் & தான் முந்தும்.

பழைய_கை:
யூனோவின் ராம் 2 கிலோபைட். அதில் எங்கே பைத்தான்?

பதுளை_பைத்தான்:
நான் போர்டைச் சொல்லவில்லை, மொழியைச் சொல்கிறேன். ஜாவாவில் இந்த வரி கம்பைலே ஆகாது. பிள்ளைக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

பண்டாரவளை_ரேடியோ:
ஆர்டுயினோவிலும் கம்பைலர் சொல்லும், எச்சரிக்கை அணைந்திருப்பதால் தெரிவதில்லை. விருப்பத்தேர்வில் அதை 'ஆல்' என்று மாற்றுங்கள் தங்கச்சி.

பீலிக்கரை:
எட்டு வரியிலும் அடைப்புக்குறியும் == 0உம் போட்டேன். மூன்றாவது மட்டும் எரிகிறது. நன்றி அண்ணா.