ஃபோல்டிங் அட் ஹோம்: கணினிச் சூட்டைக் குறைக்க ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். 2000-ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபோல்டிங் அட் ஹோம் திட்டத்துக்காக, எங்கள் வீட்டுக் கணினியை ஓய்வு நேரங்களில் இயக்கிவருகிறேன். புரதங்கள் மடியும் விதத்தைக் கணக்கிட்டு, அல்சைமர், புற்றுநோய் போன்ற நோய்களின் ஆய்வுக்குத் துணைநிற்கும் இத்திட்டத்தில்தான், கொரோனாக் கிருமியின் கூர்முனைப் புரதம் திறந்துகொள்வதை உலகெங்கும் உள்ள வீட்டுக் கணினிகள் சேர்ந்து கணித்துக் காட்டின. அதனால் இதைக் கைவிட எனக்கு மனமில்லை.

ஆனால், கிராஃபிக்ஸ் கார்டு வேலையைத் தொடங்கியதும் மின்விசிறி இரைகிறது. பிற்பகலில் வெப்பம் 85 டிகிரியைத் தொடுகிறது. இடையில் நிறுத்திவைத்தாலோ, திட்டம் என் கணினிக்கு அனுப்பிய கணக்கு, அதற்குரிய கெடுவுக்குள் முடியாமல் வேறொருவருக்குப் போய்விடுகிறது, அங்கே ஓர் ஆய்வாளர் அந்த விடைக்காகக் காத்திருப்பார் அல்லவா?

கார்டின் மின்நுகர்வு வரம்பைக் குறைத்து இயக்குபவர்கள், எத்தனை சதவீதத்தில் வைத்திருக்கிறீர்கள், அப்போதும் கெடுவுக்குள் கணக்கு முடிகிறதா என்று தயவுசெய்து தெரிவியுங்கள். கார்டை விட்டுவிட்டு, கணினியின் மையச் செயலியை (CPU) மட்டும் பயன்படுத்துவது மேல் என்றால், அதையும் சொல்லுங்கள்.