சர்வீஸ் முடிந்ததிலிருந்து இன்ஜின் திக்குகிறது

உசிலம்பட்டிக்காரன்:
150 சிசி வண்டி, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) மாடல். நேற்று மதுரையில் சர்வீஸ் முடித்து எடுத்தேன், வாட்டர் வாஷ், ஆயில், ஏர் ஃபில்டர், புது ஸ்பார்க் பிளக் எல்லாம் செய்தார்கள், ஆனால் செக்கானூரணி தாண்டி 50-ல் வரும்போது விட்டுவிட்டு இழுக்கிறது, சைலன்சரில் டப் டப்பென்று வெடிக்கிறது. முன்பு இந்தத் தொல்லையே இல்லை. எங்கிருந்து பார்ப்பது?

மேலூர் மெக்கானிக்:
அவர்கள் கை வைத்த இடத்தை முதலில் பாருங்கள் தம்பி. பிளக்கின் மேல் மாட்டும் மூடியான கேப்புக்குள் தண்ணீர் நின்றால் கரண்ட் பிளக்கின் முனைக்குப் போகாமல் வெளியே பாடியில் இறங்கிவிடும், துடைத்துக் காயவைத்து நன்றாக அழுத்தி மாட்டுங்கள். அப்புறம் பிளக் முனையில் பொறி பாயும் இடைவெளி, பல வண்டிகளுக்கு 0.7 அல்லது 0.8 மி.மீ. வரும், உங்கள் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். புது பிளக்தானே என்று விடாதீர்கள்.

வில்லாபுரம்:
அண்ணன் சொன்னது சரி. எனக்குக் கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் ரப்பரில் கிளாம்ப் தளர்ந்து காற்று இழுத்தது. ஆக்ஸிலரேட்டர் முறுக்காமல் ஐடிலில் ஓடவிட்டு அங்கே கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள், சத்தம் மாறினால் அதுதான்.

உசிலம்பட்டிக்காரன்:
கேப்புக்குள் ஈரம் இருந்தது அண்ணே, துடைத்து மாட்டியதும் வெடிப்பு நின்றுவிட்டது, ரொம்ப நன்றி! இழுப்பு மட்டும் லேசாக இருக்கிறது, காலையில் கிளாம்பைப் பார்க்கிறேன்.