ரீபூட் செய்தும் விர்ச்சுவல் மெஷினில் கூட்டிய மெமரி தெரியவில்லை (கேவிஎம் / லிப்விர்ட்)

சர்வர்_தாமிரபரணி:
ஹோஸ்ட் (தாங்கும் கம்ப்யூட்டர்), கெஸ்ட் (அதற்குள் ஓடும் விர்ச்சுவல் மெஷின்) இரண்டும் டெபியன் 12 லினக்ஸ். கெஸ்டுக்குள் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஓடுகிறது. 4 ஜிபியை 8 ஆக்க, மெஷின் ஓடும்போதே லிப்விர்ட்டின் விர்ஷ் கருவியில் இதைக் கொடுத்தேன்:

விர்ஷ் செட்மேக்ஸ்மெம் டிபி01 8ஜி --கான்ஃபிக்

பிழை எதுவும் வரவில்லை. பிறகு கெஸ்டுக்குள் போய் ரீபூட். இன்னும் ஃப்ரீ -ஹெச் கட்டளை 3.8 ஜிபி தான் காட்டுகிறது. விர்ஷ் டாம்இன்ஃபோவில் மேக்ஸ் மெமரி 4194304 கிபி (கிபிபைட், அதாவது 4 ஜிபி). ஹோஸ்டில் 20 ஜிபிக்கு மேல் காலி. எங்கே மாட்டுகிறது?

கெர்னல்_வாசி:
உள்ளிருந்து ரீபூட் கொடுத்தால் கெஸ்ட் ஓஎஸ் மட்டும்தான் மறுபடி கிளம்பும். ஹோஸ்டில் அந்த மெஷினை இயக்கும் கியூஇமு ப்ராசஸ் சாகாது, அதே பிஐடியோடு (ப்ராசஸ் எண்) தொடரும். மெமரி அளவு அந்த ப்ராசஸ் தொடங்கும்போதே முடிவாகிவிடுகிறது. --கான்ஃபிக் என்பது மெஷினின் அமைப்பைச் சேமித்த எக்ஸ்எம்எல் கோப்பை மட்டும் மாற்றும். அதை லிப்விர்ட் அடுத்த ஸ்டார்ட்டில்தான் படிக்கும்.

அந்த அமைப்பைக் காட்டும் விர்ஷ் டம்ப்எக்ஸ்எம்எல்லை ஒருமுறை சும்மாவும், ஒருமுறை --இன்ஆக்டிவ் போட்டும் பாருங்கள். முதலாவதில் 4, இரண்டாவதில் 8 இருந்தால் இதுதான் விஷயம். விர்ஷ் ஷட்டவுன் கொடுத்து, லிஸ்ட் --ஆல்-இல் 'ஷட் ஆஃப்' என்று வந்தபிறகு விர்ஷ் ஸ்டார்ட்.

ஹோஸ்டையே ரீபூட் செய்தால் சரியாகிவிடும் என்று நம்பவேண்டாம். லிப்விர்ட்-கெஸ்ட்ஸ் சர்வீஸ் 'சஸ்பெண்ட்' அமைப்பில் இருந்தால் கெஸ்டின் நிலையை டிஸ்கில் சேமித்து, பழைய 4 ஜிபியோடு அப்படியே எழுப்பிவிடும்.

பலூன்_பாண்டி:
அதோடு முடியாது. நீங்கள் உச்சவரம்பை மட்டும்தான் ஏற்றியிருக்கிறீர்கள். எக்ஸ்எம்எல்லில் கரண்ட்மெமரி (கெஸ்டுக்கு உண்மையில் விடும் அளவு) இன்னும் 4. இப்படியே ஸ்டார்ட் செய்தால் கெர்னல் 8 ஜிபியோடு பூட் ஆகும், பிறகு பலூன் டிரைவர் (கெஸ்டின் மெமரியை ஹோஸ்டுக்குத் திருப்பித் தரும் பகுதி) 4ஐப் பிடுங்கிக்கொள்ளும். அடையாளம்: கெஸ்டின் கெர்னல் பதிவில் (ஜர்னல்சிடிஎல் -கே) 'மெமரி:' என்று தொடங்கும் வரி 8 ஜிபி அளவைச் சொல்லும், ஃப்ரீ 4க்குள் நிற்கும். இதையும் கொடுங்கள்:

விர்ஷ் செட்மெம் டிபி01 8ஜி --கான்ஃபிக்

'ஜி'யை விட்டுவிடாதீர்கள். வெறும் எண்ணை விர்ஷ் கிபியாக எடுத்துக்கொள்ளும்.

நூமா_நடராசன்:
எப்படியும் ஒருமுறை அணைக்கப் போகிறீர்கள். அதே நிறுத்தத்தில் அடுத்த முறைக்கு வழி செய்துவிடுங்கள். விர்ஷ் எடிட்டில் மேக்ஸ்மெமரி 32 ஜிபி, ஸ்லாட்ஸ் 8 என்று சேர்த்து, சிபியு பகுதிக்குள் 8 ஜிபி கொண்ட ஒரு நூமா செல் (சிபியுவும் மெமரியும் சேர்ந்த தொகுதி). அதன்பின் ஓடும் மெஷினிலேயே 4 ஜிபி டிம் (மெமரி கார்டு) ஒன்றுக்கு சின்ன எக்ஸ்எம்எல் எழுதி அட்டாச்-டிவைஸ் --லைவ் --கான்ஃபிக் என்று செருகலாம். நூமா செல் வந்தபின் செட்மேக்ஸ்மெம் மறுத்துவிடும். அடிப்படை அளவை எடிட்டில்தான் மாற்றவேண்டும்.

செருகியபின் கெஸ்டில் எல்எஸ்மெம் கொடுங்கள், மெமரி பிளாக்குகளைப் பட்டியலிடும். 128 எம்பி பிளாக் என்றால் 4 ஜிபிக்கு 32 புதிய பிளாக்குகள். 'ஆஃப்லைன்' என்று நின்றால் கெர்னலுக்கு மெமரி தெரிகிறது, பயன்பாட்டுக்கு வரவில்லை என்று பொருள். சிஹெச்மெம் -ஈ 4ஜி அதை ஆன்லைனுக்குக் கொண்டுவரும். நிரந்தரமாக வேண்டுமானால் பூட் வரியில் மெம்ஹெச்பி_டிஃபால்ட்_ஸ்டேட்=ஆன்லைன். பின்னாளில் டிம்மைக் கழற்றும் எண்ணம் இருந்தால் ஆன்லைன்_மூவபிள்.

மெமரி முழுக்கத் தீர்ந்தபிறகு செருகாதீர்கள். ஒவ்வொரு 4 கேபி பக்கத்துக்கும் கெர்னல் 64 பைட் குறிப்பு வைக்கிறது. 4 ஜிபிக்கு அது 64 எம்பி, வழக்கமாக இருக்கிற மெமரியிலிருந்துதான் போகும். அந்த இடம்கூட இல்லாவிட்டால் செருகலே தோற்கும்.

சர்வர்_தாமிரபரணி:
ஷட்டவுன், செட்மெம், ஸ்டார்ட் ஆயிற்று. டாம்இன்ஃபோவில் இரண்டு வரியும் 8388608. ஆனால் ஃப்ரீ 7.8 என்கிறது. மீதி எங்கே? போஸ்ட்கிரெஸும் முன்பு எடுத்த அளவே எடுக்கிறது.

கெர்னல்_வாசி:
மேலே சொன்ன பக்கக் குறிப்புகளுக்கே 8 ஜிபியில் 128 எம்பி. மிச்சம் கெர்னல் கோடும் ஃபர்ம்வேர் ஒதுக்கீடும். கிராஷ்கெர்னல் (கெர்னல் விழுந்தால் பதிவெடுக்க ஒதுக்கும் மெமரி) போட்டிருந்தால் இன்னும் குறையும். 7.8 சரியான எண்தான்.

போஸ்ட்கிரெஸ் தானாக வளராது. அது தன் கேஷுக்கு எடுக்கும் ஷேர்ட்_பஃபர்ஸ் இயல்பில் 128 எம்பி. 2 ஜிபி வைத்துவிட்டு போஸ்ட்கிரெஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள், ரீலோட் போதாது. எஃபெக்டிவ்_கேஷ்_சைஸை (மொத்த கேஷ் எவ்வளவு என்று போஸ்ட்கிரெஸுக்குச் சொல்லும் மதிப்பீடு) 6 ஜிபி ஆக்கலாம்; அதற்கு ரீலோடே போதும்.