ஒன்பதாவது இன்னிங்ஸில் நான் எங்கே இருந்தேன்

நேரில் போய்ப் பார்த்த ஆட்டங்களைப் பற்றி ஆளாளுக்கு எழுதுகிறீர்கள், நானும் படித்துக்கொண்டே வருகிறேன். என்னிடமும் சொல்ல இரண்டு ஆட்டங்கள் இருக்கின்றன. இரண்டுமே பாஸ்டன்காரர்கள் இன்றைக்கும் வாய் ஓயாமல் பேசுகிறவை. ஒன்றில் கடைசிவரை இருந்தும் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. இன்னொன்றில் நடந்ததை இருபது வருடமாக மாற்றிச் சொல்லி வருகிறேன். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன், ஆனால் வரிசையாகத்தான் சொல்வேன்.

1998-ல் ஒய்டூகே வேலைக்கு, அதாவது 2000-ஆம் வருடம் பிறந்தால் கணினிகள் தேதி குழம்பும் என்று சரிசெய்த வேலைக்கு, ஆள் பிடித்த காலத்தில் மாசசூசெட்ஸ் வந்து இறங்கியவன் நான். திருச்சியில் கிரிக்கெட்டைத் தவிர வேறு ஆட்டம் தெரியாமல் வளர்ந்தவன். அடுத்த கோடையில் அலுவலகத்தில் எல்லோரையும் பாஸ்டனின் பேஸ்பால் மைதானமான ஃபென்வே பார்க்குக்குக் கூட்டிப்போனார்கள். என் டிக்கெட்டில் ‘பார்வை மறையும்’ என்று அச்சிட்டிருந்தது. ஏதோ வெயில் கண்ணில் அடிக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். போய் உட்கார்ந்தால் மூக்குக்கு நேரே ஓர் இரும்புத் தூண். 1912-ல் திறந்த மைதானம் அது. மேல் கூரையைத் தாங்கும் தூண்கள் அந்தக் காலத்துப் பாணி, அவற்றுக்குப் பின்னாலும் இருக்கைகள் உண்டு. பந்து எறியும் பிட்சர் தெரிந்தால் மட்டை பிடிக்கும் பேட்டர் தெரியமாட்டார், பேட்டர் தெரிந்தால் பிட்சர் தெரியமாட்டார். இடமும் வலமும் சாய்ந்து சாய்ந்து பார்த்து, கழுத்து வலியோடு வீடு திரும்பினேன்.

முதல் ஒரு மணி நேரம் எனக்கு ஓடிய ஒரே எண்ணம், “என்னய்யா இது, எல்லாமே ஃபுல்டாஸ்!” என்பதுதான். அப்புறம் ஒரு பந்து மட்டையில் பட்டுத் தெறித்து எங்கள் பக்கம் வந்தது. இரண்டு வரிசை முன்னால் இருந்த ஆள் பிடித்தார், பார்த்தார், பைக்குள் போட்டுக்கொண்டார். நான் பதறிவிட்டேன். பந்தைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் ஆட்டம் எப்படி நடக்கும்? பக்கத்தில் இருந்த பெரியவர் சிரித்துவிட்டு, இங்கே பிடித்தவனுக்கே பந்து சொந்தம் என்றார். கிரிக்கெட்டில் அரைநாள் ஒரே பந்தைத் துடைத்துத் துடைத்து ஆடுவதைப் பார்த்தவனுக்கு அது பெரிய ஊதாரித்தனமாகத் தெரிந்தது.

அந்தப் பெரியவர் கையில் ஒரு ஸ்கோர்கார்டும் குட்டிப் பென்சிலும் இருந்தன. என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். ஆட்டம் முடியும்வரை பாடம் நடத்திவிட்டார். களத்தில் ஒன்பது பேருக்கும் ஓர் எண் உண்டு. பிட்சர் 1, பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் 2, அடித்துவிட்டு ஓடித் தொட வேண்டிய இடங்களான பேஸ்களில் முதல் பேஸ் 3, இரண்டாவது 4, மூன்றாவது 5, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6, வெளிவட்டத்தில் இடமிருந்து வலமாக 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து இரண்டாவது பேஸுக்கு எறிந்து, அங்கிருந்து முதல் பேஸுக்குப் போய் இரண்டு பேர் அவுட்டானால், 6-4-3. அவ்வளவுதான், மூன்று எண்ணில் ஒரு கதை முடிந்தது. மூன்று நல்ல பந்தைக் கோட்டைவிட்டு பேட்டர் அவுட்டாகும் ஸ்ட்ரைக்அவுட் என்றால் ‘கே’ எழுத்து. மட்டையை வீசாமலே, பந்தைப் பார்த்துக்கொண்டே நின்று அவுட்டானால் அந்தக் ‘கே’யைத் திருப்பிப் போட வேண்டும். பேட்டரை அவமானப்படுத்தவே கண்டுபிடித்தது போல இருக்கும். எனக்குப் பேஸ்பால் பைத்தியம் பிடித்தது ஆட்டத்தால் அல்ல, இந்தக் கணக்கால்தான். அன்றிலிருந்து ஃபென்வேக்கு எப்போது போனாலும் ஒரு ஸ்கோர்கார்டு வாங்கிவிடுவேன்.

அங்கே சுற்றிப் பார்க்க நிறைய உண்டு. இடப்பக்கம் 37 அடி உயரப் பச்சைச் சுவர், அதன் அடியில் உள்ளே ஆள் நின்று கையால் எண் மாற்றும் ஸ்கோர்போர்டு. வலப்பக்கக் கடைசியில் பச்சை நாற்காலிகளுக்கு நடுவே ஒரே ஒரு சிவப்பு நாற்காலி. 1946-ல் டெட் வில்லியம்ஸ் அடித்த 502 அடி ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அங்கே உட்கார்ந்திருந்தவரின் வைக்கோல் தொப்பியில் ஓட்டை போட்டதாம். ஒருநாள் ஏறிப் போய் அதில் உட்கார்ந்து பார்த்தேன். அங்கிருந்து பேட்டர் சுண்டுவிரல் அளவுக்குத்தான் தெரிகிறார்.

சரி, ஃபுட்பாலுக்கு வருகிறேன். காலால் ஆடுவது அல்ல, ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டிக்கொள்கிறார்களே, அது. நேரில் பார்க்க ஃபுட்பால் கொஞ்சம் மோசம் என்பது என் கருத்து, சண்டைக்கு வந்தாலும் பரவாயில்லை. மூன்று மணி நேர ஆட்டத்தில் பந்து உண்மையில் ஓடுவது சுமார் 11 நிமிடம் என்று கணக்கெடுத்தவர்கள் சொல்கிறார்கள். மீதி நேரத்தில் டிவியில் விளம்பரம் ஓடும். மைதானத்தில் 22 பேரும் இடுப்பில் கை வைத்து நிற்பார்கள், நாமும் குளிரில் நிற்போம். அப்போதெல்லாம் விளம்பரம் முடியும்வரை ஆரஞ்சு நிறக் கையுறை மாட்டிய ஒருவர் ஓரமாக நிற்பார். அவர் நகர்ந்தால்தான் ஆட்டம் நகரும். ஆனால் ஆட்டத்துக்கு முன்னால் கார் நிறுத்துமிடத்தில் நடக்கிற சமையல் இருக்கிறதே, அது திருவிழா. அடுப்பு, ஐஸ் பெட்டி, மடக்கு நாற்காலி என்று காலையிலிருந்தே குடும்பம் குடும்பமாக உட்கார்ந்துவிடுவார்கள். முன்பின் தெரியாதவர் தட்டில் சாசேஜ் வைத்து நீட்டுவார். நான் சைவம் என்றதும் ஒரு பாட்டி பதறிப்போய் எனக்காக மக்காச்சோளம் சுட்டுக் கொடுத்தார்.

2002 ஜனவரி 19, சனிக்கிழமை. பாஸ்டனுக்குப் பக்கத்து ஃபாக்ஸ்பரோவில் எங்கள் அணியான பேட்ரியட்ஸுக்கும் ஓக்லண்ட் ரெய்டர்ஸுக்கும் பிளேஆஃப், அதாவது தோற்றால் வெளியேற வேண்டிய ஆட்டம், இரவு எட்டு மணிக்கு. சக ஊழியர் ஒருவரின் மனைவி பனி கொட்டுகிறது, வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதால் அந்த டிக்கெட் எனக்கு வந்தது. பழைய ஸ்டேடியம், இருக்கைகள் என்று சொன்னாலும் பெரும்பாலும் அலுமினிய பெஞ்சுகள். பெஞ்சில் உட்கார்ந்தால் குளிர் முதுகெலும்புவரை ஏறும். அதனால் யாரும் உட்காரவில்லை. பனி நிற்காமல் கொட்டியது. களத்தில் கோடுகள் மறைந்துவிட்டன. கோடுகளை மட்டுமாவது தெரியவைக்க ஆட்கள் சுத்தம் செய்துகொண்டே இருந்தார்கள், அவர்கள் திரும்பிப் போவதற்குள் மறுபடி வெள்ளை.

நான்காவது கால்பகுதி தொடங்கும்போது 13-3 என்று நாங்கள் பின்னால். எங்கள் அணியில் பந்தை எறிபவர் பிரேடி என்றொரு இளைஞர், அந்த வருடம்தான் முழுநேரமாக ஆட வந்தவர், பந்தோடு தானே கடைசிக் கோட்டைத் தாண்டி ஓடி ஒரு டச்டவுன் எடுத்து 13-10 ஆக்கினார். இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது ரெய்டர்ஸின் சார்ல்ஸ் வுட்சன் பாய்ந்து அவர் மேல் மோத, பந்து கீழே விழுந்தது, ரெய்டர்ஸ் அதன்மேல் விழுந்து தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். முடிந்தது. என்னைச் சுற்றி இருந்தவர்கள் கையுறையைத் தட்டிக்கொண்டு படியிறங்க ஆரம்பித்தார்கள். நானும் போயிருப்பேன். ஆனால் நண்பரின் காருக்கு முன்னும் பின்னும் வண்டிகள், போனாலும் அங்கேதான் நிற்க வேண்டும்.

நடுவர் ரீப்ளே பார்க்கப் போனார். வந்தார், ஏதோ சொன்னார். பனியிலும் சத்தத்திலும் எங்களுக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. பந்து எங்கள் கைக்கே வந்தது என்பது மட்டும் புரிந்தது. வீட்டில் டிவி பார்த்த உலகமே அந்த விதியை அக்குவேறு ஆணிவேறாக அலசிக்கொண்டிருந்தபோது, நேரில் இருந்த எங்களுக்குத்தான் காரணம் தெரியவில்லை. எறியக் கையை முன்னால் கொண்டுவந்துவிட்டு, மனம் மாறிப் பந்தை உடம்போடு அணைக்கும்போது நழுவினால், அது கைவிட்ட பந்து அல்ல, முழுமையடையாத பாஸ்தான், அதாவது யாரும் பிடிக்காமல் போன எறிதல்தான், பந்து அதே அணியிடமே இருக்கும் என்பது அன்றைய விதி. 2013-ல் அதை எடுத்தே விட்டார்கள். எங்களுக்கு அன்றைக்கு அது சாமி வரம்.

அப்புறம் 45 கெஜத்திலிருந்து எங்கள் வினாட்டியேரி உதைத்தார், இரண்டு கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி, 13-13. பனியில் பந்து தெரியவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். உயரம் போதாமல் தாழ்வாகப் போனது போலத்தான் இருந்தது. கம்பத்தடியில் இருந்த நடுவர்களின் கைகள் மேலே போனதையும் அந்தப் பக்கத்துக் கூட்டம் குதித்ததையும் பார்த்துத்தான் நாங்கள் குதித்தோம். கூடுதல் நேரத்தில் 23 கெஜத்திலிருந்து இன்னொன்று, 16-13. ஜெயித்ததும் லோனி பாக்ஸ்டன், உதைப்பதற்குப் பந்தைப் பின்னால் எறிந்து கொடுப்பவர், ஓடிப்போய் மல்லாக்க விழுந்து கையையும் காலையும் விரித்து ஆட்டிப் பனியில் தேவதை உருவம் வரைந்தார். எனக்கு அன்றைக்குத் தெளிவாகத் தெரிந்த காட்சி அது ஒன்றுதான். அந்த ஸ்டேடியத்தில் அதுவே கடைசி ஆட்டம். அந்த வருடமே இடித்துவிட்டார்கள். கார் நிறுத்துமிடத்திலிருந்து வெளியே வரவே விடிகாலை ஆகிவிட்டது.

இதிலிருந்து நான் ஏதாவது கற்றிருக்க வேண்டும் இல்லையா? 2004-க்கு வாருங்கள்.

பாஸ்டனின் பேஸ்பால் அணியான ரெட் சாக்ஸ் அதுவரை கடைசியாகக் கோப்பை வென்றது 1918-ல். பேப் ரூத் என்ற பெரிய ஆட்டக்காரரை நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு விற்ற சாபம் என்பார்கள். 2004 அக்டோபரில் ஏழு ஆட்டத் தொடரில் அதே யாங்கீஸிடம் வரிசையாக மூன்று தோல்வி, மூன்றாவது ஆட்டம் 19-8, இன்னொன்று தோற்றால் முடிந்தது. அந்தச் சனிக்கிழமை இரவோடு வெறுத்துப்போன ஒருவர், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கான டிக்கெட்டை வாங்கின விலைக்கே என்னிடம் தள்ளிவிட்டார். “தோக்கப் போற மேட்சுக்கு நடுராத்திரி வரைக்கும் உட்காரணுமா? நாளைக்கு ஒன்பது மணிக்கு மீட்டிங்னு சொன்னீங்களே” என்றாள் மனைவி. சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். ரிவர்சைடில் காரை நிறுத்திவிட்டு ரயிலில் போனேன்.

பேஸ்பாலில் மொத்தம் ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் இரண்டு அணியும் மூன்று அவுட் வரை ஆடும், சமமானால் இன்னும் நீளும். எட்டாவது இன்னிங்ஸிலேயே யாங்கீஸின் மரியானோ ரிவேரா பந்து வீச வந்துவிட்டார். 4-3 என்று யாங்கீஸ் முன்னால். அவர் வந்தால் கடை சாத்தியாகிவிட்டது என்று பொருள். நள்ளிரவு நெருங்கிக்கொண்டிருந்தது, குளிர் வேறு. ஒன்பதாவதில் யாங்கீஸ் பேட் செய்துகொண்டிருந்தபோது எழுந்தேன். பக்கத்து இருக்கைப் பெண்மணி கால்களை ஒதுக்கி வழிவிட்டபடியே, “இன்னும் நமக்கு மூன்று அவுட் பாக்கி இருக்கிறதே” என்றார். நான் கடிகாரத்தைக் காட்டினேன்.

கென்மோர் ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் நெடுஞ்சாலைக்கு மேல் ஒரு பாலம் உண்டு. அதில் போய்க்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் ஓர் இரைச்சல். நின்றேன். பிறகு தெரிந்துகொண்டேன், அது ரெட் சாக்ஸின் டேவ் ராபர்ட்ஸ் இரண்டாவது பேஸைத் திருடிய நேரம், அதாவது யாரும் பந்தை அடிக்காமலே ஓடிப் பிடித்த நேரம். கெவின் மில்லார் வாக் வாங்க, அதாவது பிட்சர் சரியாக எறியாததால் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போக, அவருக்குப் பதிலாக ஓட வந்தவர் ராபர்ட்ஸ். ஓடப்போகிறார் என்று மைதானத்துக்கே தெரியும். ரிவேரா மூன்று முறை முதல் பேஸுக்கு எறிந்து மிரட்டினார், அப்படியும் ஓடினார். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது இரைச்சல், பாலத்தின் கைப்பிடி அதிர்வது போல. பில் மில்லர் அடித்து, ராபர்ட்ஸ் பேட்டர் நிற்கும் ‘வீடு’ வரை ஓடிச் சேர்ந்துவிட்டார், ஒரு ரன். 4-4.

திரும்பி ஓடினேன். வெளியே வந்தால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும், இருந்தாலும் கேட்டேன். வாசலில் இருந்தவர் என் டிக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையை மட்டும் ஆட்டினார். அவர் கண்ணிலும் இரக்கம்தான்.

லேன்ஸ்டவுன் தெருவில் ஒரு மதுக்கடை ஜன்னலுக்கு வெளியே என்னைப் போன்ற கூட்டம் ஒன்று நின்றிருந்தது. உள்ளே டிவி. அங்கே ஒரு விசித்திரம் என்னவென்றால், படம் சில நொடி பின்தங்கி வரும், மைதானத்துச் சத்தம் சுவரைத் தாண்டி நேராக வந்துவிடும். ஆகவே நடக்கப்போவது எங்களுக்கு முன்கூட்டியே தெரியும். முனகல் கேட்டால் அவுட். அப்புறம்தான் அவுட்டாவதைப் பார்ப்போம். பன்னிரண்டாவது இன்னிங்ஸில் ரெட் சாக்ஸின் டேவிட் ஓர்டிஸ் மட்டையோடு நிற்கிறார், திரையில் பந்து இன்னும் வரவே இல்லை, தெரு அதிர்ந்தது. எல்லோரும் கட்டிப்பிடித்துக் கத்த ஆரம்பித்தாயிற்று. ஜன்னலில் அப்போதுதான் ஓர்டிஸ் அடிக்கிறார். 6-4. மணி 1:22.

முன்பின் தெரியாத மூன்று பேரோடு டாக்சி பிடித்து ரிவர்சைடு போய்ச் சேர்ந்தேன். மறுநாள் மீட்டிங்கில் என்ன பேசினார்கள் என்று கேட்காதீர்கள். அன்று மாலை 14 இன்னிங்ஸ் ஆடி மறுபடி ஜெயித்தார்கள், பிறகு நியூயார்க்கிலும் இரண்டு. 86 வருடம் கழித்துக் கோப்பையும் வந்தது.

“நான்காவது ஆட்டத்துக்கு நீ போயிருந்தாய்தானே?” என்று இந்த இருபது வருடத்தில் எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். ஆமாம் என்பேன். டிக்கெட் இருக்கிறது, காட்டுவேன். ராபர்ட்ஸ் எவ்வளவு தூரம் பேஸை விட்டு நகர்ந்து நின்றார் என்றுகூட நடித்துக் காட்டியிருக்கிறேன். ஒரு தீபாவளி விருந்தில் பத்துப் பேர் நடுவே காட்டினேன். மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்கோர்கார்டை மட்டும் யாருக்கும் காட்டியதில்லை. எட்டு இன்னிங்ஸ் வரை பென்சிலில் நுணுக்கி நுணுக்கி எழுதியிருக்கிறேன், அதற்கப்புறம் வெறும் கட்டங்கள். மகளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது மேசை டிராயரில் ஏதோ தேடப்போய் அதை எடுத்துவிட்டாள். அவளுக்கும் நான்தான் 6-4-3 எல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தேன், அதனால் உடனே கண்டுபிடித்துவிட்டாள்.

“அப்பா, ஒன்பதாவது இன்னிங்ஸ் ஏன் காலியா இருக்கு? மழையா?”

“ஆமாம்மா” என்றேன். “சரியான மழை.”