அபாயின் 13-ஆம் சொல்: நம்பிக்கைக்குச் சான்று வேண்டுமா?

புல்வெளி: கசாக் கவிஞர் அபாய் குனன்பாயுலியை (1845–1904) வெறும் பக்திமானாகப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. 'சொற்கள்' என்ற பெயரில் அவர் எழுதிய உரைநடைக் கட்டுரைகள் 45. அதில் 13-ஆவதை எடுத்துப் பாருங்கள். ஈமான், அதாவது இறைநம்பிக்கை, இரண்டு வகை. தன் அறிவால் ஆராய்ந்து சான்றோடு நம்புவது யக்கீனி. புத்தகத்தில் படித்தோ முல்லா சொல்லிக் கேட்டோ நம்புவது தக்லீதி. எதை முதலில் வைத்தார் பாருங்கள்!

கயல்: பாதியில் நிறுத்திவிட்டீர்களே, தோழர். கேட்டு நம்புகிறவனை அவர் எங்கே தள்ளினார்? கொன்றுவிடுவேன் என்று மிரட்டினாலும், ஆயிரம் பேர் ஆயிரம் விதமாகக் காட்டினாலும் மனம் அசையாதிருந்தால் அதுவும் ஈமான்தான் என்கிறார். அவர் கோபம் முழுக்க, அறிவும் இல்லாமல் உறுதியும் இல்லாமல் ஆதாயத்துக்காகப் பொய்ச்சத்தியம் செய்கிறவன் மேல். 38-ஆம் சொல்லையும் படியுங்கள்: இறைவன் அளவற்றவன், நம் அறிவு அளவுபட்டது, அளவுபட்டதால் அளவற்றவனை அறிய முடியாது.

புல்வெளி: அதே 38-இல்தான் அறிவு இறைவனின் பண்பு, அதன் மேல் காதல் கொள்வதே மனிதத்தன்மை என்கிறார். செமேய் நகரில் மதரசாவில் படித்துக்கொண்டே ரஷ்யப் பள்ளிக்கும் போன பையன் அவர். 25-ஆம் சொல்லில் ரஷ்ய மொழி படியுங்கள் என்று மன்றாடுகிறார். நம்பிக்கை மட்டும் போதும் என்பவர் இப்படிச் சொல்வாரா?

கயல்: போதும் என்று நான் சொல்லவே இல்லை. 17-ஆம் சொல்லில் ஊக்கம், அறிவு, இதயம் மூன்றும் யார் பெரியவர் என்று வழக்காடுகின்றன. தீர்ப்பு: மூவரும் சேர்ந்திருங்கள், சேராவிட்டால் நான் இதயத்தின் பக்கம். அறிவைப் பார்த்து, "நல்லவனும் உன்னிடம்தான் வருகிறான், சூதுக்காரனும் உன்னிடம்தான் வருகிறான்" என்ற பொருளில் சொல்வதை நான் மறக்க மாட்டேன்.

புல்வெளி: அந்த வழக்கில் நீதிபதி யார்? கல்வியறிவு! மூன்றும் அதனிடம்தானே போய் நின்றன.

செம்மண்: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். அபாயின் அண்ணன் மகன் ஷாகரிமை இருவரும் விட்டுவிட்டீர்கள். 'மூன்று உண்மைகள்' எழுதியவர். பொருள்முதல்வாதிகளோடு வாதாடி, ஆன்மா உண்டு, அதற்கு முதல் தேவை மனசாட்சி என்று போய் நின்றார். 1931-இல் சுட்டுக் கொன்றார்கள்.

கயல்: அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். மனசாட்சி என்பது இதயம்தானே?

புல்வெளி: அங்கேயும் சான்று தேடித்தான் போனார், கயல். கேட்டதை அப்படியே நம்பியிருந்தால் அந்தப் புத்தகத்தை அவர் எழுதியிருக்கவே வேண்டாம்.