சிரியாக்காரங்க திரும்பிப் போனா துருக்கிக்கு லாபமா நஷ்டமா? ஹெல்ப் பண்ணுங்க

எம்.ஏ. எக்கனாமிக்ஸ் ப்ராஜெக்டுக்கு இந்த டாபிக் எடுத்திருக்கேன், கைடு வேற அவுட்லைன் எங்கன்னு நச்சரிக்கிறாரு. 2021ல துருக்கில சுமார் 37 லட்சம் சிரியா அகதிகள் இருந்தாங்க, 2024 டிசம்பர்ல சிரியா அதிபர் அசாத் ஆட்சி கவுந்ததுக்கப்புறம் லட்சக்கணக்குல ஊர் திரும்பிட்டாங்க. செலவு மிச்சம், வாடகை குறையும்னு ஈஸியா சொல்லிடுறாங்க, ஆனா சிரியா எல்லைய ஒட்டின துருக்கி நகரம் காஸியான்டெப் பக்கம் தையல் பட்டறை, செருப்புப் பட்டறைல வொர்க் பெர்மிட் இல்லாம கம்மி கூலிக்கு தைச்சவங்க நிறைய பேரு இவங்கதானே, இவங்க போனா அந்த மெஷின்ல யாரு உக்காருவா, கூலி ஏறுமா, இல்ல ஏற்கனவே சில கார்மென்ட்ஸ் கம்பெனிங்க போன மாதிரி பட்டறையே எகிப்துக்கு மூட்டை கட்டிடுமா? சம்பாதிச்சத அங்கயே மளிகை, வாடகைன்னு செலவழிச்சதும் நின்னுபோகும். ஐரோப்பிய யூனியன் 2016ல ஒத்துக்கிட்ட 600 கோடி யூரோவும் இவங்க பேர்லதான் வந்துச்சு (இத யாரும் பேசுறதே இல்ல). இன்னொரு பக்கம் சிரியாவ திரும்பக் கட்ட சிமெண்ட், கம்பி துருக்கிலேர்ந்து போகும், அது வரவு.

என் சிக்கல் என்னன்னா பெர்மிட் இல்லாத வேலை எந்தக் கணக்குலயும் வராது, அத எப்படி மதிப்பிடுறது? மாகாண வாரியா கூலி, வாடகை டேட்டா யாராச்சும் யூஸ் பண்ணிருக்கீங்களா? பணவீக்கம் வேற தாறுமாறா இருக்கு, டிஃபரன்ஸ் இன் டிஃபரன்ஸ் (அகதிங்க நிறைய இருந்த மாகாணத்தையும் கம்மியா இருந்த மாகாணத்தையும் முன்ன, பின்னன்னு ஒப்பிடுற முறை) வச்சா தாங்குமா? துருக்கி மொழி தெரிஞ்சவங்க இருந்தா இன்பாக்ஸ் வாங்க ப்ளீஸ்.