கடைத்தெருச் சுவரில் இருக்கும் பெயிண்டுப் பையனை அழிக்க விடலாமா?

திண்ணைவாசி:
எங்கள் ஊர்க் கடைத்தெருவில் மூடிக்கிடக்கிற ஹார்டுவேர் கடையின் பக்கச் சுவரில் ஏஷியன் பெயிண்ட்ஸ் கம்பெனியின் விளம்பரப் பையன் 'கட்டு' (Gattu) இன்னும் நிற்கிறான். கண்ணை மறைக்கிற முடி, கையில் டப்பா, பெயிண்ட் சொட்டுகிற பிரஷ். கட்டடம் கைமாறிவிட்டது, அடுத்த வாரம் வெள்ளையடிக்கிறார்களாம். கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லக்ஷ்மண் 1954இல் வரைந்த உருவம், 2002இல் கம்பெனியே கைவிட்டுவிட்டது. இனி எந்தச் சுவரிலும் புதிதாக வரப்போவதில்லை. அந்தச் சுவரை மட்டும் விட்டுவைக்கச் சொல்லி நாலு பேர் சேர்ந்து போய்க் கேட்டால் என்ன?

மேலத்தெரு:
கேட்கக் கூடாது என்பேன். அது விளம்பரம். சரக்கு விற்க எழுதியது, விற்று முடிந்தது. காசு போட்டு வாங்கியவர் தன் சுவருக்கு வெள்ளையடிக்க ஊரைக் கேட்க வேண்டுமா? சத்திரத்துக் கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு அப்பிக் கிடக்கிறது, அதற்காக நாலு பேர் இல்லை, இரண்டு பேர்கூடப் போகவில்லையே.

திண்ணைவாசி:
கல்வெட்டுக்கும் வருகிறேன், நாளைக்கே கூப்பிடுங்கள். ஆனால் விற்க எழுதியது என்பதோடு இது முடிந்துவிடவில்லை. இந்தப் பையனுக்குப் பெயர் வைத்ததே பொதுமக்கள்தான். போட்டி அறிவித்தபோது 47,000 பேருக்கு மேல் எழுதிப் போட்டார்கள், 500 ரூபாய்ப் பரிசு பம்பாய்க்காரர் இரண்டு பேருக்குப் போனது. எங்கள் பக்கம் அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை, பெயிண்டுப் பையன் என்றுதான் சொல்வோம். என் அப்பத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. மாட்டுப் பொங்கலுக்கு முதல் நாள் கொம்புக்கு அடிக்கச் சின்ன டப்பா வாங்கிவர என்னை அனுப்பும்போது, "முடி விழுந்த பய படம் போட்டிருக்கும், அதைப் பாத்து வாங்கிட்டு வா" என்பார். நீல டப்பாவின் மூடியை ஸ்பூன் காம்பால் நெம்பித் திறந்தால் மேலே ஆடை கட்டியிருக்கும், அதைக் குச்சியால் ஒதுக்கிவிட்டு அடிப்போம். அந்தச் சுவரைப் பார்த்தால் எனக்கு எங்கள் மாட்டின் கொம்புதான் ஞாபகம் வருகிறது, கம்பெனி இல்லை.

மேலத்தெரு:
எழுத்துத் தெரியாதவரும் படத்தைப் பார்த்துக் கேட்டு வாங்க வேண்டும், அதற்குத்தான் படமே போடுகிறார்கள். அப்பத்தா ஞாபகம் உங்கள் வீட்டுச் சொத்து, யாரும் அழிக்க முடியாது. அதற்கு ஏன் அடுத்தவர் சுவர்?

தூரிகை:
இரண்டு பேருமே அந்தப் படத்தை மும்பையிலிருந்து வந்தது மாதிரியே பேசுகிறீர்கள். லக்ஷ்மண் வரைந்தது காகிதத்தில். அந்தச் சுவரில் வரைந்தவர் என் அப்பா. காரை பெயர்ந்த இடத்தைப் பூசி, நூல் அடித்துக் கட்டம் போட்டு, தீப்பெட்டி அளவுப் படத்தைப் பார்த்துப் பார்த்து ஆள் உயரத்துக்குக் கொண்டுவந்தார். சாரத்துக்குக் கீழே டப்பா பிடித்துக்கொண்டு நின்றது நான். முகம் மட்டும் இரண்டு நாள் ஆனது, முடிக்குக் கீழே பார்வை எங்கே போகிறது என்று பிடிபடாமல் இரண்டு தடவை அழித்தார். பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது, அவருடைய தொழில் போனது. இந்த ஊரில் அவர் கை எழுதிய சுவர் இது ஒன்றுதான் பாக்கி.

மேலத்தெரு:
இது எனக்குத் தெரியாது. சுவர் காசு போட்டு வாங்கியவருடையது என்பதில் மாற்றமில்லை. ஆனால் போய்க் கேட்பதென்றால் நானும் வருகிறேன், கம்பெனிப் படம் என்று சொல்லாமல் உங்கள் அப்பாவின் வேலை என்று சொல்லிக் கேட்போம்.

தூரிகை:
ஞாயிறு காலை வாருங்கள். வலது கீழ் மூலையில், போஸ்டர் ஒட்டிய இடத்துக்கு அடியில் அவர் இனிஷியல் இருக்கிறது. தண்ணீர் தெளித்து ஊறவிட்டு எடுத்தால் தெரியும்.